அலுமினியத்தில் நான்கு அரை ஆயுள்கள்: பாரிஸும் ரோமும், 1934

அலுமினியத்தைத் துகள்களால் தாக்கினால் கிடைக்கும் செயற்கைக் கதிரியக்கம் ஒன்றல்ல. ஆல்ஃபா துகள் பட்டால் பாஸ்பரஸ்-30. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், 2.50 நிமிடம். நியூட்ரான் பட்டால் மூன்று வழிகள் திறக்கின்றன: அலுமினியம்-28 (2.24 நிமிடம்), மக்னீசியம்-27 (9.46 நிமிடம்), சோடியம்-24 (ஏறக்குறைய 15 மணி நேரம்). நான்குமே 1934ஆம் ஆண்டிலேயே பாரிஸ், ரோம் ஆய்வகங்களில் தலைகாட்டிவிட்டன. இவற்றில் முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் 15 விநாடி. அன்றைய அளவீடுகளின் பிழை அதைவிடப் பெரியது. ஆகவே கடிகாரத்தையும் எண்ணியையும் (கதிர்த் துகள்களை எண்ணும் கருவி) மட்டும் வைத்துக்கொண்டு “இது பாஸ்பரஸ்” என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் எதை வைத்துச் சொன்னார்கள், எந்த இடத்தில் அந்த முறை காலை வாரியது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பாரிஸ்: மூலத்தை எடுத்த பிறகும் நிற்காத எண்ணிக்கை

ஐரீன் கியூரியும் ஃபிரெடரிக் ஜூலியோவும் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் ஆல்ஃபா துகளின் மூலமாகப் பயன்படுத்தியது பொலோனியம். பயன்படுத்தித் தீர்ந்த ரேடான் குழாய்களிலிருந்து பல ஆண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தது அது. இந்தத் தேர்வில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பொலோனியம்-210 வெளியிடும் 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா துகளுடன் காமா கதிர் ஏறக்குறைய வருவதே இல்லை. ரேடியத்தையோ ரேடானையோ மூலமாக வைத்தால் காமா வெள்ளத்தில் எண்ணி மூழ்கிவிடும்; அலுமினியத்திலிருந்து வரும் பலவீனமான பாசிட்ரான்கள் (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்கள்) அதில் தெரியவே தெரியா. பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள் என்பதால், ஒரு நாள் சோதனைக்குள் மூலத்தின் வலிமை மாறுவதைப் பற்றியும் கவலையில்லை.

1933 அக்டோபர் சால்வே இயற்பியல் மாநாட்டில் இருவரும் ஒரு சிக்கலான முடிவை முன்வைத்தார்கள்: ஆல்ஃபா துகள் பட்ட அலுமினியம் சில வேளைகளில் புரோட்டானுக்குப் பதிலாக ஒரு நியூட்ரானையும் ஒரு பாசிட்ரானையும் சேர்த்து வெளியிடுகிறது என்பது அவர்கள் வாதம். இயற்பியலாளர் லிசே மைட்னர் தம் சோதனைகளில் நியூட்ரான் தென்படவில்லை என்று மறுத்தார். அளவீட்டில் குறையில்லை, ஒரே கணத்தில் இரண்டும் வெளிவருகின்றன என்ற ஊகத்தில்தான் குறை.

அந்த ஊகம் உடைந்தது 1934 ஜனவரியில். ஆல்ஃபா துகளின் ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்தபோது, ஓர் எல்லைக்குக் கீழே நியூட்ரான் வருவது நின்றது; பாசிட்ரான் வருவது உடனே நிற்கவில்லை. அலுமினியத் தகட்டைச் சில நிமிடங்கள் பொலோனியத்தின் முன் வைத்து, பிறகு மூலத்தை அறவே அகற்றிவிட்டு, தகட்டை மட்டும் கெய்கர் எண்ணியின் முன் வைத்தார்கள். எண்ணிக்கை தொடர்ந்தது, ஒழுங்காகத் தேய்ந்தது. எண்ணியே கோளாறாக இருக்கலாம் என்ற ஐயம் ஜூலியோவுக்கு வந்தது. கருவியைச் செய்துகொடுத்த வொல்ஃப்காங் கென்ட்னரிடம் அன்றிரவே சோதிக்கச் சொன்னார். எண்ணி சரியாகவே இயங்குகிறது என்று மறுநாள் காலை தெரிந்தது. ஜனவரி 15இல் அறிவியல் கழகத்துக்குக் குறிப்பு போனது.

ஆல்ஃபா துகளின் ஆற்றலை மாற்றினாலும் தேய்மானத்தின் வேகம் மாறவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே பதிவு செய்தார்கள். பலரும் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஆற்றலைக் குறைத்தால் உருவாகும் அணுக்களின் எண்ணிக்கை குறையும். அரை ஆயுள் மாறக் கூடாது. அது மாறியிருந்தால் எண்ணுவது ஒரு புதிய அணுக்கருவை அல்ல, வேறு எதையோ என்று பொருள்.

அறிவித்த அரை ஆயுள்கள்: போரானிலிருந்து 14 நிமிடம், மக்னீசியத்திலிருந்து 2 நிமிடம் 30 விநாடி, அலுமினியத்திலிருந்து 3 நிமிடம் 15 விநாடி. இன்றைய மதிப்புகளோடு ஒப்பிட்டால் போரானிலிருந்து வரும் நைட்ரஜன்-13க்கு 9.97 நிமிடம், பாஸ்பரஸ்-30க்கு 2.50 நிமிடம். இரண்டிலும் விலகல் நீண்ட பக்கமாகவே போயிருக்கிறது. ஒன்றில் 40 விழுக்காடு, மற்றதில் 30. மக்னீசியத்தின் கதை வேறு. அதை முதலில் சிலிக்கான்-27 என்று எண்ணினார்கள். சிலிக்கான்-27இன் அரை ஆயுள் 4 விநாடி சொச்சம்தான். தகட்டை எடுத்து எண்ணியிடம் கொண்டுபோவதற்குள் தீர்ந்துவிடும். அவர்கள் அளந்த இரண்டரை நிமிடம் அதே மக்னீசியத்தில் உருவாகும் அலுமினியம்-28உடையது. காந்தப்புலத்தில் வைத்த முகில் அறையில் (துகள்களின் தடத்தைக் காட்டும் கருவி) மக்னீசியத்திலிருந்து நேர் எலக்ட்ரான், எதிர் எலக்ட்ரான் இரண்டும் வருவது தெரிந்த பிறகுதான் அங்கே இரண்டு பொருள்கள் இருப்பது புலப்பட்டது. அரை ஆயுள் சொல்லாததைத் தடம் வளையும் திசை சொன்னது.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும்

நீண்ட பக்க விலகல் எப்படி வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

உண்மையான அரை ஆயுள் 10 நிமிடம், தொடக்கத்தில் தகட்டிலிருந்து நிமிடத்துக்கு 100, பின்னணி (தகடு இல்லாதபோதும் எண்ணி காட்டுவது) 20. இந்தப் பின்னணியை 15 என்று தவறாக எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 105 என்று வரும். ஐந்து விழுக்காட்டுப் பிழையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 40 நிமிடம் கழித்து உண்மையில் எஞ்சியிருப்பது 6.25, நம் ஏட்டில் 11.25. இந்த இரண்டு புள்ளிகளிலிருந்து கிடைக்கும் அரை ஆயுள் 12.4 நிமிடம். மறுபக்கம், பின்னணியை 25 என்று கூட்டி எடுத்தால் 6.4 நிமிடம். ஐந்தே எண்ணிக்கைப் பிழை முடிவை ஒரு பக்கம் கால் பங்கும் மறுபக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இழுக்கிறது. சேதம் எல்லாம் வளைகோட்டின் வாலில் நடக்கிறது. அங்கேதான் எண்ணிக்கையும் சொற்பம், புள்ளியியல் ஏற்ற இறக்கமும் அதிகம். நிமிடத்துக்கு 100 என்றால் இயல்பான சிதறல் 10. நிமிடத்துக்கு 9 என்றால் சிதறல் 3, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

பின்னணியைச் சோதனைக்கு முன்பு ஒரு முறை மட்டும் எடுப்பது போதாது. முன்பும் பின்பும் எடுக்க வேண்டும். பல அரை ஆயுள்கள் கழிந்த பிறகு அதே தகட்டை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பின்னணிக்கு மேல் ஏதாவது நின்றால் அது நீண்ட ஆயுளுள்ள இன்னொரு பொருள், அல்லது மாசு. ரேடியம் புழங்கும் கட்டடத்தில் மாசு என்பது வெறும் அச்சமல்ல. காற்றில் கசியும் ரேடான் எல்லாப் பரப்பிலும் தன் வாரிசுகளைப் படிய வைக்கும்: பொலோனியம்-218 (3 நிமிடம்), ஈயம்-214 (27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்). தேடும் பொருளுக்கு 3 நிமிடம் என்று வரும்போது, அதே 3 நிமிடத்தோடு தொடங்கும் ஒரு மாசு வரிசை அறைக்குள்ளேயே இருப்பது தலைவலிதான். மூலத்தின் முன் வைக்காத இன்னொரு தகட்டை அதே மேசையில் அதே நேரம் கிடத்தி, அதையும் எண்ணிப் பார்ப்பதே இதற்கு எளிய காப்பு.

எவ்வளவு நேரம் தாக்க வேண்டும் என்பதும் எதைக் காண்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. பாஸ்பரஸ்-30ஐப் பொறுத்தவரை 10 நிமிடம் போதும். நான்கு அரை ஆயுள்களில் தெவிட்டு நிலையின் (உருவாவதும் சிதைவதும் சமமாகும் உச்சம்) 94 விழுக்காடு வந்துவிடும். அதே 10 நிமிடத்தில் நைட்ரஜன்-13 பாதிதான் எட்டும். சோடியம்-24 தன் உச்சத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. குறைந்த நேரத் தாக்கலை மட்டும் செய்தவருக்கு 15 மணி நேரப் பொருள் இருப்பதே தெரியாது. இரவு முழுதும் தாக்கிவிட்டு மெதுவாகக் காலையில் எண்ணியவருக்கு 2 நிமிடப் பொருள் தெரியாது.

தகட்டின் தடிமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொலோனிய ஆல்ஃபா அலுமினியத்தில் ஏறத்தாழ 25 மைக்ரான் ஆழம் போய் நின்றுவிடும். பாஸ்பரஸ்-30 உருவாக 3 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் தேவை என்பதால், அதிலும் மேல் அடுக்கு மட்டுமே பயன். தடித்த தகடு வைத்தால் கதிரியக்கம் கூடாது. கரைக்கும்போது அமிலமும் நேரமும்தான் வீணாகும். இந்தச் சோதனையில் மிச்சப்படுத்த வேண்டியதே நேரம்தான்.

மூன்று நிமிட வேதியியல்

உருவாகும் பொருளின் அளவு 10⁻¹⁵ கிராமுக்கும் குறைவு என்று ஜூலியோ 1935இல் நோபல் உரையில் குறிப்பிட்டார். சில மில்லியன் அணுக்கள். எந்தத் தராசிலும் நிற்காது, எந்த வினைப்பொருளிலும் தனியே வீழ்படிவாகாது. எனவே அதே தனிமத்தின் சாதாரண, கதிரியக்கமற்ற வடிவத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவு சேர்த்து, அது போகும் வழியில் இதையும் இழுத்துச் செல்ல விட வேண்டும். இதைத் தாங்கி என்பார்கள். கதிரியக்கம் எந்தத் தாங்கியோடு போகிறதோ அந்தத் தனிமம் என்பது தர்க்கம். ரேடிய வேதியியலில் முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ள முறைதான். அங்கே மணிக்கணக்கில் செய்ததை இங்கே நிமிடங்களில் முடிக்க வேண்டியிருந்தது.

போரானுக்கு அவர்கள் எடுத்தது போரான் நைட்ரைடு. கெட்டிக்காரத் தேர்வு இது. உருவாவது நைட்ரஜன் என்றால் தாங்கி நைட்ரஜன் ஏற்கெனவே இலக்கிலேயே இருக்கிறது. ஆல்ஃபா துகள் பட்ட தூளைக் காஸ்டிக் சோடாவோடு சூடாக்கினால் அம்மோனியா வெளிவரும்; போரான் போரேட்டாகக் கீழே தங்கும். கதிரியக்கம் அம்மோனியாவோடு கிளம்பிப் போனது.

அலுமினியத்தில் இரண்டு வழிகள். முதல் வழி: தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பது. பொங்கும் ஹைட்ரஜன் பாஸ்பரஸைப் பாஸ்பீனாக இழுத்துக்கொண்டு வரும். வாயுவை மெல்லிய சுவருள்ள குழாயில் பிடித்து எண்ணியிடம் கொண்டுபோனால் கதிரியக்கம் அதில் இருந்தது. கரைசலை ஆவியாக்கி எஞ்சிய உப்பில் கதிரியக்கம் இல்லை. எல்லாம் சில நிமிடங்களுக்குள். மூன்று நிமிடம் ஆனாலே பாஸ்பரஸ்-30இல் 44 விழுக்காடுதான் மிஞ்சும். ஐந்து நிமிடம் என்றால் கால் பங்கு. அமிலம் செறிவு குறைவாக இருந்து தகடு மெதுவாகக் கரைந்தாலோ, குழாய் நீளமாகிப்போனாலோ, விடை “இல்லை” என்றே வரும். அந்த “இல்லை”க்கு எந்தப் பொருளும் கிடையாது.

இந்த முதல் வழி கேட்க அழகாக இருந்தாலும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அமிலத்தில் உலோகம் கரையும்போது சிலிக்கானும் சிறிதளவு சிலேன் வாயுவாகத் தப்பக்கூடும் என்று ஒருவர் வாதிடலாம். வாயுவில் வந்தது என்பது “அலுமினியம் அல்ல” என்பதை நிறுவும். “பாஸ்பரஸ்தான்” என்பதை அவ்வளவு உறுதியாக நிறுவாது. அந்த ஓட்டையை அடைப்பது இரண்டாவது வழி: ஆக்சிஜனேற்றி கலந்த அமிலத்தில் கரைத்தால் பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகக் கரைசலிலேயே தங்கும். அதில் சிறிது சோடியம் பாஸ்பேட்டைத் தாங்கியாகச் சேர்த்து, சிர்கோனியம் உப்பை விட்டால், அமிலத்திலும் கரையாத சிர்கோனியம் பாஸ்பேட் வீழ்படிவாகும். அமிலச் சூழலில் அலுமினியம் கரைசலிலேயே நிற்கும். வடிகட்டி எண்ணினால் கதிரியக்கம் வீழ்படிவில். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வினைகள் ஒரே பெயரைச் சொன்னபோதுதான் பாஸ்பரஸ் என்ற பெயர் நின்றது. இந்த வேதியியல் குறிப்பு 1934 ஜனவரி 29 தேதியிட்டது. முதல் அறிவிப்புக்கு இரண்டே வாரம் பின்னால்.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்தின் சைக்ளோட்ரான் இதற்கு முன்பே கதிரியக்க ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது. அங்கே சைக்ளோட்ரானும் எண்ணியும் ஒரே சுவிட்சில் இணைந்திருந்தன. துகள்கற்றை நின்றதும் எண்ணியும் நின்றது. பாரிஸ் செய்தி வந்ததும் இணைப்பைப் பிரித்து, கார்பனில் டியூட்ரானை (கன ஹைட்ரஜனின் அணுக்கரு) மோதவிட்டுப் பார்த்தார்கள். சுமார் 10 நிமிட அரை ஆயுள் உடனே தெரிந்தது. கேம்பிரிட்ஜில் காக்ராஃப்ட் குழு கார்பனில் புரோட்டானை மோதவிட்டு ஏறக்குறைய அதே எண்ணைப் பெற்றது. போரான் வழியில் வந்த 14 நிமிடம் திருத்தப்பட வேண்டியது என்பதை இந்த வேறு வழிகள்தான் காட்டின.

ரோம்: அதே அலுமினியம், மூன்று கடிகாரங்கள்

என்ரிக்கோ ஃபெர்மி ரோமில் எடுத்தது நியூட்ரான். மின்னூட்டம் இல்லாததால் கனமான அணுக்கருவுக்குள்ளும் நுழையும். மூலம், பெரிலியத் தூள் நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்த ரேடான் வாயு. 800 மில்லிக்யூரி வரை. பொதுச் சுகாதாரத் துறை ஆய்வகத்தின் ரேடியத்திலிருந்து ட்ராபாக்கி அந்த வாயுவை எடுத்துக்கொடுத்தார். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால் மூலம் வாரத்துக்கு வாரம் புதிதாக வேண்டும். அதோடு கடுமையான காமா. மூலம் இருக்கும் அறையில் எண்ணியை வைக்கவே முடியாது. எண்ணி நடைகூடத்தின் மறுகோடியில் இருந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான அரை ஆயுளைப் பிடிக்க, தாக்கிய உலோகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபெர்மியும் அவர் குழுவைச் சேர்ந்த அமால்டியும் ஓடினார்கள். மாதிரிகளை உருளை வடிவில் செய்தது வேகத்துக்காகவும் பயன்பட்டது: முதலில் மூலத்தைச் சுற்றிப் பொருந்தும், பிறகு அதே உருளை 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியச் சுவர் கொண்ட எண்ணியைச் சுற்றிப் பொருந்தும்.

லேசான தனிமங்களிலிருந்து வரிசையாகத் தொடங்கி, ஒன்றும் கிடைக்காமல், ஃபுளோரினில் முதல் விடை வந்தது, உடனே அலுமினியத்திலும். 1934 மார்ச் 25 தேதியிட்ட குறிப்பில் அலுமினியத்துக்குக் கொடுத்த அரை ஆயுள் சுமார் 12 நிமிடம். இன்று அதை மக்னீசியம்-27, 9.46 நிமிடம் என்கிறோம். மறுபடியும் நீண்ட பக்க விலகல். அடியில் 15 மணி நேர வால் ஒன்று படுத்திருக்கும் வளைகோட்டில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

கலவை வளைகோட்டை ஒரே கோடாக வரைந்தால் என்ன ஆகும்? அலுமினியம்-28, மக்னீசியம்-27 இரண்டும் தொடக்கத்தில் தலா 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முதலாவது 5க்குக் கீழே வந்துவிடும், இரண்டாவது 48. கூட்டுத்தொகை 200இலிருந்து 53. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரு நேர்கோடு போட்டால் அரை ஆயுள் 5.2 நிமிடம் என்று வரும். இருக்கும் எந்த ஐசோடோப்புக்கும் சொந்தமில்லாத எண். சரியான வழி வாலிலிருந்து தொடங்குவது. மடக்கைத் தாளில் புள்ளிகளை இட்டு, முதலில் மறுநாள் வரை நீடிக்கும் 15 மணி நேரக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கழிக்க வேண்டும். பிறகு 25 நிமிடத்துக்கு அப்பால் எஞ்சும் நேர்கோடு மக்னீசியம்-27; அதற்குள் அலுமினியம்-28 இரண்டாயிரத்தில் ஒரு பங்காகிவிட்டிருக்கும். அதையும் நீட்டிக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு நிமிடச் சொச்சப் பொருள். ஒவ்வொரு கழித்தலிலும் பிழை அடுத்த கூறுக்குக் கைமாறும்; கடைசியில் கிடைப்பதுதான் மிக மோசமான எண்.

வேதியியலுக்கு டகோஸ்டினோ இருந்தார். பாரிஸில் இந்தக் கலையைப் பயின்று வந்தவர். ஆனால் ரோமின் வலுவான ஆயுதம் ஒரே பொருளைப் பல இலக்குகளிலிருந்து பெறுவது. 15 மணி நேரக் கதிரியக்கம் அலுமினியத்திலிருந்தும் வருகிறது, மக்னீசியத்திலிருந்தும் வருகிறது, சோடியத்திலிருந்தும் வருகிறது. மூன்று இலக்குகளுக்கும் பொதுவாக இருக்கக்கூடிய விளைபொருள் சோடியம்-24 ஒன்றுதான். அதேபோல் இரண்டரை மணி நேரப் பொருள் இரும்பு, கோபால்ட், மாங்கனீசு மூன்றிலும் வந்தால் அது மாங்கனீசு-56.

அலுமினியம்-28தான் கடைசி வரை தொல்லை கொடுத்தது. 1934 இலையுதிர் காலத்தில் அமால்டியும் குழுவின் இன்னொருவரான செக்ரேயும் அலுமினியத்தில் ஏறக்குறைய 3 நிமிடப் பொருளைக் கண்டார்கள். ஃபெர்மி லண்டன் மாநாட்டில் அதை அறிவிக்கவும் செய்தார். திரும்பச் செய்தபோது வரவில்லை. ஃபெர்மிக்கு எரிச்சல். வெள்ளியிலும் இதே குழப்பம்: மர மேசையில் வைத்தால் கதிரியக்கம் அதிகம், பளிங்கு மேசையில் குறைவு. அக்டோபர் 22 அன்று மூலத்துக்கும் வெள்ளிக்கும் இடையே பாரஃபின் மெழுகை வைத்ததும் விடை கிடைத்தது. மரத்திலும் மெழுகிலும் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த நியூட்ரானை அணுக்கரு எளிதில் விழுங்குகிறது. பாரஃபின் வைத்தால் அலுமினியம்-28 பெருகும். புரோட்டானையோ ஆல்ஃபாவையோ வெளியேற்ற வேகமான நியூட்ரான் தேவை என்பதால் மக்னீசியம்-27உம் சோடியம்-24உம் பெருகுவதில்லை. அன்று முதல் மெழுகே ஒரு அடையாளக் கருவி ஆனது: எந்த அரை ஆயுள் மெழுகுக்குப் பெருகுகிறதோ அது இலக்குத் தனிமத்தின் ஐசோடோப்பு.

யுரேனியம்: 13 நிமிடம்

இரும்பில் உருவான மாங்கனீசைப் பிரிக்க ரோமில் செய்தது: நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மாங்கனீசு உப்பைத் தாங்கியாகச் சேர்த்து, குளோரேட்டைக் கொண்டு மாங்கனீசு டையாக்சைடாக வீழ்த்துவது. கதிரியக்கம் வீழ்படிவோடு வந்தது, சரியான விடை. அதே முறையை யுரேனியத்தில் கண்ட 13 நிமிடப் பொருளுக்கும் செய்தார்கள். அங்கும் கதிரியக்கம் மாங்கனீசு டையாக்சைடோடு வந்தது. அன்றைய ஆவர்த்தன அட்டவணைப்படி 93ஆம் தனிமம் மாங்கனீசு, ரேனியம் வரிசையில் அமர வேண்டும். ஆகவே புதிய தனிமமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். யுரேனியத்திலிருந்து ஈயம் வரை ஒவ்வொன்றாக விலக்கியும் பார்த்தார்கள். ஈயத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அதற்குக் கீழே ஒரு கருவினை போகும் என்று யாரும் நினைக்கவில்லை.

முறையின் பலவீனம் இங்கே தெரிகிறது. வீழும்போது பரப்பில் பலவற்றையும் ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்பு மாங்கனீசு டையாக்சைடுக்கு உண்டு. சிர்கோனியம் பாஸ்பேட் பாஸ்பரஸை அடையாளம் காட்டியதுபோல, இது ஒரு தனிமத்தை மட்டும் தேர்ந்தெடுக்காது. இரும்பில் பிழை வராததற்குக் காரணம், வேதியியல் கண்டிப்பாக இருந்தது அல்ல. கோபால்டும் மாங்கனீசும் அதே அரை ஆயுளைக் கொடுத்தது. யுரேனியத்துக்கு அப்படி ஒப்பிட வேறு இலக்கு இல்லை. எல்லாத் தனிமங்களையும் விலக்காமல் இப்படி முடிவெடுக்கக் கூடாது என்று 1934 செப்டம்பரில் ஜெர்மன் வேதியியலாளர் இடா நோடாக் எழுதினார். யாரும் அதைச் சோதிக்கவில்லை. 1938 டிசம்பரில் பெர்லினில் ஹானும் ஷ்ட்ராஸ்மானும் யுரேனியத்திலிருந்து வந்த ஒரு கதிரியக்கத்தை ரேடியம் என்று கருதி, பேரியத்தைத் தாங்கியாகச் சேர்த்துப் பிறகு இரண்டையும் பிரிக்க முயன்றார்கள். எத்தனை முறை படிகமாக்கியும் கதிரியக்கம் பேரியத்தை விட்டு விலகவில்லை. அது பேரியமேதான், ஈயத்துக்கும் வெகு கீழே உள்ள தனிமம்.